பெயர் விழும் இடம்

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கூடத்தில் மின்விசிறி கரகரவென்று சுற்றுகிறது. மாலை போட்ட படத்தின் கீழே ‘இருள்வண்ணன்’ என்ற புனைபெயர் மட்டும்தான் இருக்கிறது. முதல் வரிசையில் அவருடைய மனைவி சாவித்ரி, புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆஷா டீச்சர் அவர் கவிதையை வாசிக்கிறாள்: “முகத்தைத் தீயிடம் கொடுத்தாயிற்று. முகவரியை மழையிடம். இனி என்னைக் கூப்பிடு.” அடுத்த வரி அச்சில் வெற்றிடம். வீட்டில் வாசித்துக் காட்டும்போதெல்லாம் அந்த இடத்தில் அவர் நிறுத்தி, சாவித்ரியின் முகத்தையே பார்ப்பார். புருஷன் பேரைச் சொல்லி வழக்கமில்லாத அவள், “போறும், விடுங்கோ” என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். இப்போது ஆஷாவும் நிறுத்துகிறாள். அஞ்சலி என்று நினைத்துக்கொண்டு கூடமே மௌனமாகிறது. பக்கத்துப் பெண் பாட்டிலை நீட்டி, “மாமி, கொஞ்சம் வெள்ளம் குடிக்கறேளா?” என்கிறாள். சாவித்ரி வேண்டாமென்று தலையசைக்கிறாள். ஜன்னல் வெயில் படத்தின் கண்ணாடியில் விழுந்து முகத்தை மறைக்கிறது. “சேஷன்” என்கிறாள் சாவித்ரி, படத்தைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ, “அது யாராக்கும், சேஷன்?” என்று கேட்கிறார். அவள் இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிடுகிறாள்.