மலிவான பேட்டரி

பிஷ்கெக் சந்தையில் எர்மெக்கின் கடைக்குள் நுழைந்ததும் சமாத் கதவைத் தாழிட்டான். கருகிய பேட்டரி ஒன்றை மேசைமேல் அறைந்தான்.

"இ-சிகரெட்டுக்குன்னு நீ எனக்கு வித்ததுதானே இது? எங்க அக்கா புருஷன் வாயிலேயே வெடிச்சிருச்சு. பல்லும் போச்சு, பாதி மூஞ்சியும் போச்சு."

எர்மெக் பின்னால் நகர்ந்தான். "அண்ணே, உறை கிழிஞ்சது வேணாம், இந்த சார்ஜரும் அதுக்கு ஆகாது, வெடிச்சிரும்னு அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! இதுவே போதும்னு நீங்கதானே எடுத்தீங்க?"

சமாத் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான்.

"இதை வெளியில சொன்னே, தொலைஞ்சே."

"சொல்ல மாட்டேண்ணே. விட்டுடுங்க."

பிடி தளர்ந்தது.

"அப்ப அதே மாதிரி இன்னொண்ணு எடு, சார்ஜரோட. எனக்கு இன்னொரு அக்காவும் இருக்கா. அவ உடம்புலயும் புருஷன் அடிச்ச காயம் ஆறவே மாட்டேங்குது."