கோபுரத்துக்குக் கை தூக்கியவர்கள்

“கோபுரம் என்ன உம்ம வீட்டு அடுக்களையாவேய்? இடிக்கப்பிடாது, இடிக்கப்பிடாதுண்ணு நிக்கீரு?”

“இடிக்கப்பிடாதுண்ணா இடிக்கப்பிடாது.”

“காரணத்தச் சொல்லும்.”

அது ஒன்றுதான் அவரால் முடியாது.

கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு தொடங்கியது, வெயில் உச்சிக்கு ஏறியும் முடியவில்லை. பழைய மணிக்கோபுரத்தை இடித்துவிட்டு, நூறடி தள்ளிப் புதிதாக ஒன்று கட்டவேண்டும். சாமியாருக்குச் சம்மதம். ஊர்ப் பெரியவர்களுக்குச் சம்மதம். தங்களுக்குள் எதிலும் ஒத்துப்போகாத பெண்கள் பக்கம்கூட அன்று ஒரே பேச்சு.

தொபியாஸ் ஒருவர்தான் முறுக்கிக்கொண்டு நின்றார்.

முதலில், தன் அப்பன் கல் சுமந்து கட்டிய கோபுரம் என்றார். அப்பன் கல் சுமந்த கதையை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

அடுத்து, அதில் புறா குடியிருக்கிறது, பாவம் என்றார். போன கிறிஸ்துமஸுக்கு அந்தப் புறாவில் நாலைப் பிடித்துக் குழம்பு வைக்கக் கொடுத்தவர் அவர். குழம்பு வைத்த கித்தேரி, அவர் மனைவி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது பொய் வரவில்லை. ஆறு நாள் துடுப்புப் போட்ட தோள். ஏழாம் நாள் பொய் சொல்லவும் தெம்பில்லை.

உண்மை கடலில் கிடந்தது.

கரையிலிருந்து வெகு தூரத்தில் ஒரு பார். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறை, மீன் அடையும் இடம். மேலே பார்த்தால் வெறும் கடல். கரையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோபுரத்துக் குருசு, அதன் பின்னால் நிற்கும் மலையின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். அது ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயே போனால், கிழக்கே கடலோரத்து நெட்டைப்பாறை தூரத்து மலைமுனைக்கு நேராக வந்து நிற்கும். அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கலாம்.

இப்படி இடம் பிடிப்பதைக் கணியம் என்பார்கள். கோபுரம் நூறடி தள்ளிப்போனால் முதல் கோடு போச்சு. கோடு ஒன்று மட்டும் இருந்தால் நாளெல்லாம் துழாவலாம். பார் கிடைக்காது.

பதினெட்டு வருஷமாக அவர் வீட்டு அடுப்பு அந்தப் பாரை நம்பித்தான் எரிகிறது. மகனிடம்கூடச் சொன்னதில்லை.

காரணத்தைச் சொன்னால் ஒருவேளை கோபுரம் நிற்கும். ஆனால் மறுநாள் விடியும்போது பாரின்மேல் நாற்பது கட்டுமரம் நிற்கும்.

இடிக்கும் பேச்சு கிளம்பியதுமே, வேறு அடையாளம் பிடிக்க ஒரு வாரம் முயன்றிருந்தார். கரை முழுக்கத் தென்னை. ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசமில்லை. கண்ணும் பழைய கண் இல்லை.

“கோபுரம் நிக்கட்டும்ணு சொல்றவங்க கை தூக்குங்க,” என்றார் சாமியார். அவருக்கும் பசி.

தொபியாஸ் தூக்கினார்.

சிரிப்பு எழுந்தது. பாதியில் நின்றது.

கடைசி வரிசையில் இன்னொரு கை.

இஸ்தாக்கி.

தொபியாசும் இஸ்தாக்கியும் பேசி எட்டு வருஷம். ஒரு நாய் விஷயம். அதைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது. சாவு வீட்டில்கூட ஒருவர் எழுந்து போனது தெரிந்துதான் மற்றவர் உள்ளே வருவார்.

“இவருக்கு என்னவேய் வந்தது?” என்று யாரோ கேட்டார்கள்.

இஸ்தாக்கி தரையைப் பார்த்தார்.

“புறா,” என்றார்.

முற்றம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

தொபியாஸ் சிரிக்கவில்லை. சில நாள் பாரில் தூண்டிலை எவ்வளவு இறக்கினாலும் ஒன்றும் கடிக்காது. நீரோட்டம் என்று நினைத்திருந்தார். இப்போது அந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இஸ்தாக்கி நிமிர்ந்தார். அவர் முகத்திலும் அப்படிச் சில நாட்கள் ஓடின.

இரண்டு கை. ஊர் மொத்தமும் எதிர்ப்பக்கம்.

வீட்டுக்குப் போகும் வழியில் தொபியாஸ் இரண்டு தடவை மணலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று கித்தேரி காத்திருந்தாள். கத்தவில்லை. பதினெட்டு வருஷத்து ரகசியத்தில் பாதி அடுத்தவனுடையது என்று தெரிந்தால் கத்தத்தான் வேண்டும். அதற்கும் மூச்சு வேண்டுமே.

இஸ்தாக்கி மேற்கு ஊர்க்காரர். இங்கே பெண் கட்டி வந்தவர். கிழக்கே நிற்கும் பாறையைப் பார்த்து வளர்ந்தவரல்ல.

கோபுரம் இருவருக்கும் பொது. ஆனால் இஸ்தாக்கியின் இன்னொரு கோடு மேற்கேதான் எங்காவது இருக்கும். கோபுரம் விழுந்தாலும் ஆளுக்கொரு கோடு மிச்சம்.

தொபியாஸ் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“இஸ்தாக்கிக்கு ஒரு மவ உண்டுல்லா?”

கித்தேரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

தவக்காலத்துக்கு முன்பே கோபுரம் விழுந்தது. பாஸ்குத் திருநாள் கழிந்து இரண்டாம் வாரம் தொபியாஸ் மகனுக்கும் இஸ்தாக்கி மகளுக்கும் கல்யாணம். காதல்தான் என்று ஊர் முடிவு கட்டியது. எந்தத் தென்னைமூட்டில் என்பதில் மட்டும் இன்றுவரை கருத்து வேறுபாடு. உண்மையில் பெண் கேட்டுப் போன அன்று, பையனுக்கு அவள் பெயரே சரியாகத் தெரியாது.

ஆறே மாதத்தில் இளசுகள் தூத்துக்குடிக்குக் குடி போய்விட்டன. அவனுக்கு அங்கே ஐஸ் பிளாண்டில் வேலை. கடலே வேண்டாம் என்கிறானாம்.

சம்பந்திகள் இங்கேதான். ஒரே மரத்தில் தொழிலுக்குப் போகிறார்கள். பேச்சுவார்த்தை இன்னும் இல்லை. கரை மங்கும் தூரம் வந்ததும் முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஒருவர் கிழக்கே பார்த்து. மற்றவர் மேற்கே.