கடைசியாகக் காலியாக இருந்த இடம்

வெடிக்கும் நட்சத்திரம் ஒன்றை உலகத்தில் முதல் ஆளாகப் பார்த்துவிட வேண்டுமென்று பரஞ்சோதி வருடக்கணக்காக மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு விழித்துக் கிடந்தார். விடிந்து இறங்கி வந்ததும், "ஏதாச்சும் கெடச்சுதா?" என்பாள் மனைவி புனிதா. "ஒண்ணுமில்ல" என்பார். எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டுத் தூங்கிப்போவார். ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத பெண் ஃபோன் செய்தாள். "சார், நேத்து ஒரு நட்சத்திரம் வெடிச்சதைக் கண்டுபிடிச்சேன். அதுக்கு முறையா ஒரு பேர் வாங்க அறிக்கை அனுப்பினா, வானத்துல அந்த இடம் கடைசியா எப்ப காலியா இருந்துச்சுன்னு கேக்கறாங்க. முந்தின ராத்திரி நீங்க எடுத்த படம் மட்டும்தான் இருந்துச்சு, அதுல அங்க ஒண்ணுமில்ல. உங்க பேரையும் சேத்து எழுதிட்டேன். ரொம்ப நன்றி சார்." ஒரே ராத்திரி வித்தியாசத்தில் தவறவிட்டிருக்கிறார். ஆனாலும் ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் கைகூப்பியபடி நின்றார். "கெடச்சிருச்சு புனிதா." "என்னது?" "ஒண்ணுமில்ல."