பாலித்தீன் உறை போட்ட ரிமோட்

செலவு குறையட்டும் என்று கோதைநாயகி வீட்டில் கேபிளைத் துண்டித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வாங்கிய இணையப் பெட்டியோடு புதிதாக வந்த ரிமோட், பாலித்தீன் உறைக்குள் கிடந்த கேபிள் ரிமோட்டைப் பார்த்து, "இனி உனக்கு ஓய்வுதான் தாத்தா. என்கிட்ட பத்தாயிரம் படம் இருக்கு" என்றது.

ஏழரை மணி சீரியலுக்குக் கோதைநாயகி வந்து உட்கார்ந்தாள். புது ரிமோட் பாஸ்வேர்டு கேட்டது. பிறகு ஓடிபி கேட்டது. ஓடிபி அவள் கணவனின் செல்போனுக்குப் போனது. அவனோ பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்கிட்டன்னா ஒன்பதை அமுக்கினா போதும்" என்றது பழசு.

"பாதுகாப்பு முக்கியமில்லையா?" என்றது புதுசு.

கோதைநாயகி எழுந்தாள். எதிர்வீட்டில் அதே கேபிள் இருந்தது. ஆனால் அவர்களுடைய ரிமோட்டைக் குழந்தை உடைத்துவிட்டது. அதனால் பழைய ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"வீட்டைப் பார்த்துக்கப்பா" என்றது அது, போகிறபோக்கில். "சீரியல் முடிஞ்சதும் வந்துடறோம்."