பிடித்தம் போக

செட்டியாரின் வட்டிக்கடையான கிட்டங்கிக்கு வீடு வாங்கக் கடன் கேட்டு வந்திருந்தான் துறைமுகக் குமாஸ்தா தங்கராஜு. வேண்டாமென்றும் கேளாமல் உடன் வந்த மனைவி ருக்குமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கப்போற வீட்டையே அடமானமா எழுதிக்கலாம். வருசச் சம்பளம் எம்புட்டு?" என்றார் சொக்கநாதன் செட்டியார்.

"பிடித்தம் போக நானூத்தி எண்பது வெள்ளிங்க."

"கைக்கு வர்றதைக் கேக்கலை தம்பி. பிடித்தத்துக்கு முந்தி மொத்தம் எம்புட்டு?"

தங்கராஜு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"சொல்லுங்க," என்றாள் ருக்குமணி. "இன்னைக்கு விட்டா வீடு வேற கைக்குப் போயிடும்."

"எண்ணூத்தி நாப்பது."

செட்டியார் முகம் மலர்ந்தது. "தாராளமாத் தரலாம். பிடித்தச் சீட்டு கொண்டாந்தியளா?"

"சீட்டு இல்லீங்க," என்றான் தங்கராஜு. "பிடித்தமே கிடையாது."

ருக்குமணி மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ ஆறு வருசமா மாசம் முப்பது வெள்ளி பிடிச்சது எந்தத் துரை?"