எண்ணெய் வேணாம், மேடம்!

"சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை மறுபடி மருந்து நிரப்புற அளவுக்குக் கொண்டுவர எந்த டை, அதான் அந்த அச்சு, வாங்கலாம்?"

அமெரிக்காவின் ஒஹையோவில் மான் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் ஒரு மாதம். மூன்றாவது சனிக்கிழமையாக லோரீன் இதையே கேட்கிறார்.

"கார்பைடுங்கிற கெட்டி உலோகத்துல செஞ்ச டைதான், மேடம்," என்றார் துப்பாக்கிக் கடை டெல்மர். "உங்க ரைஃபிள் கூடு கழுத்தில்லாம நேரா இருக்குல்ல? எண்ணெயே தடவ வேணாம். வழுக்கிட்டுப் போகும்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க!"

"நீங்களும் இதைத்தானே கேட்டீங்க! மண்டையில ஏறினாத்தானே?"

"அப்போ வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டுங்க."

மனைவி இறந்த பிறகு டெல்மரை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு, கூட்டை டைக்குள் அழுத்தும் தன் பிரஸ்ஸையும் புது டையையும் சுமந்துகொண்டு போனார்.

கூட்டை வைத்து நெம்புகோலை அழுத்தினார். பாதியிலேயே சிக்கிக்கொண்டது. தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. டெல்மரின் காது சிவந்துவிட்டது.

லோரீன் அலமாரியைத் திறந்து ஒரு கருவிப் பெட்டியை எடுத்தார். கூட்டில் துளை போட்டு, திருகாணியை முறுக்கி, லாவகமாக வெளியே இழுத்துவிட்டார்.

"கைத்துப்பாக்கிக் கூட்டுக்குத்தான் எண்ணெய் வேணாம், டெல்மர். இவ்வளவு நீளக் கூட்டுக்குத் தடவியே ஆகணும்."

டெல்மர் அலமாரியை எட்டிப் பார்த்தார். லோரீன் தானே நிரப்பி, தன் கையெழுத்தில் தேதி போட்ட தோட்டாப் பெட்டிகள், இருபது வருடத்தவை, அடுக்கியிருந்தன.

"பின்னே எதுக்கு மூணு வாரமா என்கிட்ட கேட்டீங்க?"

"வேற எதைக் கேட்டாலும் ரெண்டு வார்த்தையில முடிச்சிடுறீங்களே!"