கணப்பின் மேல் ஒரு பலகை

எம்ரிஸ் மூன்றாவது முறையாகப் பலகையைக் குளிர்காயும் கணப்பின் மேல் சுவரோடு பொருத்திப் பார்க்கிறார். கனத்த ஓக் மரம். மறுமுனையை மனைவி கிளெனிஸ் தோள்கொடுத்துத் தாங்குகிறாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. முன்பு அவர் தப்பாகப் போட்ட இரண்டு துளைகளிலிருந்து செங்கல் தூள் இன்னும் உதிர்கிறது. பலகைமேல் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காமல் இங்குமங்கும் ஓடுகிறது. "ஆட்டாமப் பிடின்னு எத்தனை தடவை சொல்றது?" என்கிறார். "பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்." "தச்சனைக் கூப்பிடலாம்னு மட்டும் ஆரம்பிக்காத. நாப்பது வருஷமா இந்த வீட்டுல ஆணி அடிச்சதெல்லாம் நான்தான்." "நான் வாயே திறக்கலையே."

சுவரில் பென்சிலால் கோடு போடுகிறார். அது நெளிகிறது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி போடுகிறார். முன்னைவிட மோசமாக நெளிகிறது. பென்சிலை வீசி எறிகிறார். வெறுமையான அந்தக் கையைக் கிளெனிஸ் பார்க்கிறாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் திரிப்பதுபோலத் தாமாகவே அசைகின்றன. கோடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. "என் கைதான் நடுங்குது, எம்ரிஸ். கொஞ்சம் இறக்கி வைப்போமா?" என்கிறாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறார். மெல்லக் குனிந்து இறக்குகிறார்கள். அவள் பக்கத்து முனை ஓசையில்லாமல் தரையைத் தொடுகிறது. அவர் பக்கத்து முனை கல்தரையில் தடதடவென்று தட்டிக்கொண்டே இருக்கிறது.